சீர்த்தட்டில் வைத்த பாட்டில்கள்

அந்த மாத்திரையை முதலில் போட்டுக்குங்க சார். ஆண்டிபட்டியில் நான் ஏறினதிலிருந்து பார்க்கிறேன். அட்டையை எடுக்கிறீங்க, பார்க்கிறீங்க, திரும்பப் பைக்குள் வைக்கிறீங்க. தண்ணீர் இல்லையா? இந்தாங்க, என்னிடம் இருக்கிறது. மாலைக்குத் தெளிக்கக் கொண்டுவந்தேன். நல்ல தண்ணீர்தான், வீட்டில் காய்ச்சினது. சர்க்கரைக்குத்தானே? அந்த அட்டையைத் தூரத்தில் பார்த்தாலே எனக்குத் தெரியும்.

என்ன சொன்னீங்க? அலுத்துவிட்டதா? யாரோ ஒரு சாறு சொன்னார்களா, அதைக் குடித்தால் இதை விட்டுவிடலாம் என்று?

போடுங்க சார். என் கண் முன்னால் போடுங்க.

சரி. நான் யார் உங்களை மிரட்டுவதற்கு என்று நினைப்பீங்க. நினைக்க வேண்டியதுதான். என் பெயர் பெத்தணசாமி. பால் சொசைட்டியில் டெஸ்டர். இருபத்தெட்டு வருஷமாக அதே வேலை. இப்போது உசிலம்பட்டிக்குப் போகிறேன். அக்கா மகள் மோனிஷாவுக்குக் கல்யாணம், நான் தாய்மாமன். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். மடியில் இருக்கிறதே, இந்த மாலை, இது பெண்ணுக்கு. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் பெண் மணவறைக்கு வருவாள். அதுவரை அவள் அறையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வேறு யாரும் அந்த வேலையைச் செய்யக்கூடாது. பெற்ற அப்பா கூடச் செய்யக்கூடாது.

என் வீட்டுக்காரி நேற்றே போய்விட்டாள். "நான் போறேன். நீங்க வர்றதும் வராததும் உங்க பாடு. ஆனா மாலை உங்க கையிலதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். வராமல் எப்படி இருப்பேன்? ஒரே அக்கா. ஒரே மருமகள். அக்காவுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவள். அவளுக்குக் காது குத்தியது என் மடியில்.

ஆனால் என்னை அழைத்த விதம் இருக்கிறதே சார், அதைக் கேளுங்க. தாய்மாமனைத்தான் முதலில் அழைக்க வேண்டும். புருஷனும் பெண்டாட்டியுமாக வீட்டுக்கு வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, பத்திரிகையைக் கையில் கொடுக்க வேண்டும். எனக்கு என்ன நடந்தது தெரியுமா? என் வீடு மாடியில். கீழே ஒரு டீக்கடை. அந்த டீக்கடையில் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கேஸ் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி. டீ மாஸ்டர் கொண்டுவந்து கொடுக்கிறான். தாய்மாமனுக்கு டீ மாஸ்டர் பத்திரிகை வைக்கிறான். இது அடுக்குமா?

அடுக்கும். என் விஷயத்தில் அடுக்கும். அதையும் சொல்கிறேன்.

பால் சொசைட்டியில் டெஸ்டர் என்றால் என்ன வேலை தெரியுமா? காலையில் ஐந்து மணிக்கு ஜனம் பாலைக் கொண்டுவந்து நிற்கும். நான் லாக்டோமீட்டரைப் போட்டுப் பார்த்து, "ஒச்சம்மா, ஒம் பால்ல தண்ணி" என்பேன். அவள் என் வம்சத்தையே இழுப்பாள். "தண்ணியா? ஒங்கண்ணுல தண்ணி" என்பாள். கலந்திருப்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சில பேர் கெட்டியாகத் தெரிய மாவு கலப்பார்கள். அதற்கு அயோடின் இரண்டு சொட்டு விட்டால் பால் நீலமாகிவிடும். அப்புறம் பேச்சே கிடையாது. இருபத்தெட்டு வருஷமாக என்னைப் பார்த்து ஒருவர் முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஒன்று, என் வார்த்தையை நம்புவார்கள். திட்டிக்கொண்டே நம்புவார்கள். பெத்தணன் பார்த்துச் சொல்லிவிட்டால் சொன்னதுதான்.

இதற்குள்தான் ஜெயசீலன் வந்தான். முன்னே போர்வெல் மோட்டார் விற்றுக்கொண்டிருந்த ஆள், அப்போது ஒரு சாறு கம்பெனிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். சித்திரை வெயிலில் கோட் போட்டுக்கொண்டு சொசைட்டிக்கு வந்தான். "அண்ணே, நீங்க சயின்ஸ் தெரிஞ்சவரு. ஒரு டெஸ்ட் காட்டுறேன், நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றான். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர். அதில் அயோடின் நாலு சொட்டு. தண்ணீர் பழுப்பாகிவிட்டது. "இதான் உடம்புல சேர்ற விஷம்" என்றான். கம்பெனி பாட்டிலிலிருந்து ஒரு மூடி சாறு ஊற்றிக் கலக்கினான். பழுப்பு போய்த் தண்ணீர் பளிச்சென்று தெளிந்துவிட்டது.

நான் தினமும் கையில் பிடிக்கிற அயோடின் சார். என் அலமாரியில் இருந்து எடுத்த அயோடின். அது என் கண் முன்னால் காணாமல் போனது.

போன மாசம்தான் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பார்த்தேன். அதற்கும் போகிறது. அப்படியே, அதே மாதிரி, பளிச்சென்று. அரை மூடி எலுமிச்சம்பழம் சார்! இருபத்தெட்டு வருஷமாக அடுத்தவன் பாலைச் சோதிக்கிறவன், அன்றைக்கு ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து ஏன் பிழியவில்லை? இந்தக் கேள்வியைத்தான் நான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சோற்றுத்தட்டின் முன்னால் உட்கார்ந்தால் கேட்கிறேன். பல் விளக்கும்போது கேட்கிறேன்.

பேராசை என்பார்கள். என் வீட்டுக்காரியும் அதைத்தான் சொல்கிறாள். காசு ஆசை எனக்கு இல்லை சார். பாட்டில் வாங்கினேன், நாலு பேரை வாங்க வைத்தேன், அந்த நாலு பேர் இன்னும் நாலு நாலு பேரை இழுக்க வேண்டும். இடது பக்கம் ஆறு, வலது பக்கம் ஆறு என்று சேர்ந்தால் கமிஷன். அதெல்லாம் உண்டு. ஆனால் நான் போனது கூட்டத்துக்கு. தேனியில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மண்டபத்தில் கூட்டம் நடக்கும். முதல் நாள் போனதும் ஜெயசீலன் மைக்கில், "நம்ம பெத்தணசாமி சார் வந்திருக்காரு, பால் விஞ்ஞானி" என்றான். இருநூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். பால் விஞ்ஞானி! நீங்கள் சிரிக்கிறீங்க. நான் அன்றைக்கு அழுதுவிட்டேன். ஐம்பத்துமூன்று வயதில், கைக்குட்டையை எடுத்து, முகத்தைத் துடைக்கிற மாதிரி அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. மச்சான் ராஜாங்கம் போஸ்ட்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சைக்கிள் போகாத காட்டுப் பாதையெல்லாம் நடந்தே போய்த் தபால் கொடுத்தவர். அவர் நடையோடு ஈடு கொடுத்து யாரும் நடக்க முடியாது. ஓய்வுப் பணத்தில் உசிலம்பட்டியில் ஒரு வீடு கட்டினார். பிறந்த வீட்டுச் சீர் நான்தான் கொண்டுபோக வேண்டும். இருபத்தொரு தட்டு. மேளம், வெடி, எல்லாம் உண்டு. தெருவே வந்து நின்று வேடிக்கை பார்க்கும்.

ஜெயசீலன் சொன்னான்: "அண்ணே, முந்நூறு பேரு பாக்கப் போறாங்க. இந்த மாதிரி விளம்பரம் காசு குடுத்தாலும் கிடைக்காது." எனக்கும் அது சரியாகவே பட்டது. பழம், தேங்காய், புடவை, வெண்கலப் பானை, அதோடு ஏழு தட்டில் கம்பெனிச் சாறு. தட்டுக்கு மூன்று பாட்டில். மஞ்சள் கண்ணாடிக் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டி, பாட்டில் கழுத்துக்கு ஒரு முழம் மல்லிகை.

மச்சான் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, சீர்த்தட்டுல சரக்கு வருது? பிராந்திக் கடைய ஏலத்துல எடுத்துட்டியா?" என்றார். தெரு முழுக்கச் சிரிப்பு. "அமிர்தம் மச்சான். குடிச்சா நூறு வயசு" என்றேன். "அப்ப ஒங்கக்கா என்னை நூறு வருஷம் திட்டுவா. வேணாம், திருப்பி எடுத்துட்டுப் போ" என்றார். அதற்கும் சிரிப்பு.

ஆனால் திருப்பி எடுக்க முடியாது சார். அங்கேதான் நான் செய்த பிசகு. கடையில் வாங்கின சாறு என்றால், பிடிக்கவில்லை என்றால் ஊற்றிவிடலாம். பக்கத்து வீட்டில் கொடுத்துவிடலாம். இது பிறந்த வீட்டுச் சீர். தம்பி தலையில் சுமந்து மேளத்தோடு கொண்டுவந்தது. அக்கா அந்த இருபத்தொரு பாட்டிலையும் சாமி அலமாரிக்குக் கீழே வரிசையாக அடுக்கிவைத்தாள். தினமும் காலையில் வெள்ளி டம்ளரில் ஊற்றிப் புருஷன் கையில் கொடுத்தாள். "ஏந் தம்பி குடுத்தது, ஒரு சொட்டு மிச்சம் வைக்கப்படாது" என்பாளாம். மச்சானுக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. இரண்டு வேளை மாத்திரை. ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தவர்.

நான் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லவில்லை.

அவராகவே விட்டுவிட்டார். ஐந்தாறு மாசம் போனது. புதுச் செருப்பின் வார் கடித்து வலது கால் பெருவிரலில் ஒரு புண். ஆறவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டினார்கள். விரல் கறுத்துப் போனது. அப்புறம் பாதம். மதுரைக்குக் கொண்டுபோனபோது ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்த நர்ஸே இன்னொரு தடவை திரும்பப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நடந்தே தபால் கொடுத்த கால் சார்.

அன்றைக்கு டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்று சத்தம் போட்டார். "எட்டு வருஷம் மாத்திரை போட்டவர் திடீர்னு எதுக்கு நிறுத்தினீங்க? யார் நிறுத்தச் சொன்னது?" மச்சான் படுத்திருக்கிறார். கால்மாட்டில் நான். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மச்சான் என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் டாக்டரைப் பார்த்து, "யாரும் சொல்லல சார். எனக்கே சலிச்சுப் போச்சு" என்றார்.

கேட்டீங்களா? யாரும் சொல்லவில்லை என்று அவரே சொன்னார். அவர் வாயாலேயே.

ஜெயசீலனைத் தேடிப் போய்க் கேட்டேன். "என்னடா, விஷம் போகும்னு சொன்னியே?" அவன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு நிதானமாகச் சொன்னான்: "அண்ணே, மாத்திரைய நிறுத்தச் சொல்லி நம்ம பாட்டில்ல எங்கயாச்சும் எழுதியிருக்கா? நல்லாப் படிச்சுப் பாருங்க. அதுல இருக்கிறது வெறும் சத்து பானம். சொன்னது யாரு?" அடுத்த வாரம் அவன் நம்பர் போகவில்லை.

உசிலம்பட்டியா? ஆமாம் சார், தெரிகிறது. பஸ் ஸ்டாண்ட்தான். உட்காருங்க, உங்களுக்குத்தான் மதுரை வரைக்கும் போக வேண்டுமே. நானா? இறங்குகிறேன். மண்டபம் கொஞ்சம் தள்ளி, இந்த ரோட்டிலேயேதான். அங்கே இறங்கிக்கொள்ளலாம்.

அதோ. வாழைமரம் கட்டியிருக்கிறதே, அதுதான். பக்கத்தில் ஃபிளெக்ஸ் போர்டு பாருங்க. பார்த்தீங்களா? மேலே மாப்பிள்ளை பெண். கீழே வலது பக்கம் பெரிய வட்டத்தில் ஒரு ஆள், சட்டைப் பையில் ஏதோ மின்னுகிறதே...

போய்விட்டது. பரவாயில்லை.

அது நான்தான் சார். தாய்மாமன் படம் போடுவார்கள், அது வழக்கம். அந்தப் போட்டோ எங்கே எடுத்தது தெரியுமா? தேனி மண்டபத்தில். சட்டையில் மின்னுவது கம்பெனி குத்தின பேட்ஜ். 'சில்வர் லீடர்'. என்னிடம் அதைவிட நல்ல போட்டோ கிடையாது. நான் சிரித்துக்கொண்டு இருக்கிற போட்டோ அது ஒன்றுதான். என் வீட்டுக்காரி எடுத்துக் கொடுத்திருப்பாள். அவர்களுக்கு அது எந்த நாள் என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

இதோ, கண்டக்டர். தெரியும் தம்பி, உசிலம்பட்டிக்குத்தான் டிக்கெட் வாங்கினேன். தவறிப்போச்சு. செக்கானூரணிக்கு ஒன்று கொடுங்க. இல்லை, தூங்கவில்லை. பேசிக்கொண்டே வந்துவிட்டேன். சரி, சரி, வைதுகொள்ளுங்க.

அப்படிப் பார்க்காதீங்க சார். சொல்லிவிடுகிறேன். மறைத்து என்ன செய்யப் போகிறேன்.

அன்றைக்குத் தேனியில் கூட்டம். புதுமனை முடிந்து இரண்டு மாசம் இருக்கும். ஜெயசீலன் மேடையில் என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "சாருக்கு இன்னைக்கு சில்வர் பேட்ஜ். அதுக்கு முன்னாடி சார் குடும்பத்துலயே ஒருத்தர் நம்ம சாறு குடிச்சு எப்படி இருக்காருன்னு நேரடியாக் கேப்போம்" என்றான். என் போனிலிருந்து மச்சானைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, மைக் பக்கத்தில் வைத்தான்.

"யாரு, மாப்ளையா? சொல்லு" என்றார் மச்சான். மண்டபம் முழுக்கக் கேட்கிறது. அவருக்குத் தெரியாது. "சாறு எப்படி இருக்கு மச்சான்?" என்றேன். "என்னத்தச் சொல்ல, காலையில கொல்லைக்குப் போறதுக்கு வசதியா இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர், "யாருடா அங்க சிரிக்கிறது, கல்யாண வீடா?" என்றார். அதற்கும் சிரிப்பு. பிறகு அவர் குரல் மாறியது. "மாப்ள, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இதையும் குடிச்சு மாத்திரையையும் போட்டா வயித்துல எரிச்சல் தாங்கல. ரெண்டுல ஒண்ணை விடணும். ஒங்கக்கா சாற விடக்கூடாதுங்கிறா. மாத்திரைய விட்டுரட்டுமா? நீ பாலையே பாத்துச் சொல்றவன். நீ சொன்னா விட்டுர்றேன்."

மின்விசிறி சுற்றுகிற சத்தம். ஜெயசீலன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். இப்படி, மெதுவாக. முன்வரிசையில் ஒரு அம்மாள் இரண்டு கையையும் தட்டுவதற்குத் தயாராகத் தூக்கி வைத்திருந்தாள். அதைப் பார்த்தேன் சார். அந்தக் கைகளைப் பார்த்தேன். டாக்டரைக் கேளுங்க மச்சான் என்று நான் சொன்னால் அந்தக் கைகள் இறங்கிவிடும்.

"விட்டுருங்க மச்சான்" என்றேன்.

அந்த அம்மாள்தான் முதலில் தட்டினாள். அப்புறம் மண்டபமே தட்டியது. பேட்ஜைக் குத்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். நீங்கள் இப்போது பார்த்தீங்களே, அந்தப் போட்டோ.

நான்தான் சொன்னேன் சார். நிறுத்தச் சொன்னது நான்தான். இரண்டு வருஷத்தில் இதை வாய்விட்டுச் சொன்னது இந்தப் பஸ்ஸில்தான். மச்சானிடம் சொல்லவில்லை, அக்காவிடம் சொல்லவில்லை. அவர் டாக்டரிடம் யாரும் சொல்லவில்லை என்று சொன்னாரே, நான் அதைப் பிடித்துக்கொண்டேன். உண்மையிலேயே அவர் மறந்துவிட்டாரோ என்று கூட நினைத்துப் பார்த்தேன். எப்படி மறப்பார்? பிறந்த வீட்டு ஆளைக் காட்டிக் கொடுத்தால் பெண்டாட்டி நாலு பேர் முன்னால் தலை குனிய வேண்டும். அதற்காக ஒரு கால் போன மனுஷன் பொய் சொன்னார். அந்தப் பொய்யில் நான் சுகமாக உட்கார்ந்துகொண்டேன்.

அக்கா அதிலிருந்து என்னோடு பேசவில்லை. ஆஸ்பத்திரியில் நான் போனால் எழுந்து வெளியே போய்விடுவாள். போன் பண்ணினால் எடுக்க மாட்டாள். நியாயம்தானே?

அந்த டீக்கடைக் கதையையும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் வந்தார்கள் சார். புருஷனும் பெண்டாட்டியும் ஆட்டோவில் வந்தார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மச்சான் ஊன்றுகோலோடு இறங்கினார். ஒரு கால் வேட்டிக்குள் தெரிகிறது, இன்னொரு பக்கம் வேட்டி காற்றில் ஆடுகிறது. என் வீட்டுக்குப் பதினாலு படி. செங்குத்தான படி. அவர் முதல் படியில் கோலை ஊன்றிப் பார்த்தார், முடியவில்லை. கீழே நின்று கூப்பிட்டார். "மாப்ள! படி ஏற முடியலடா. நீ கொஞ்சம் எறங்கி வா!"

நான் டிவியை நிறுத்தினேன். கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். மூச்சு விடாமல் நின்றேன். பதினாலு படி இறங்க எவ்வளவு நேரம் சார் ஆகும்? அவர் மூன்று தடவை கூப்பிட்டார். அப்புறம் டீக்கடையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். அரைமணி நேரம். அக்கா மேலே ஏறி வருவாள் என்று பயந்தேன். வரவில்லை. தட்டை டீ மாஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவன் கொண்டுவந்து கொடுக்கும்போது சொன்னான்: "ஒங்க மச்சான் செம ஆளு சார். 'எங்க மாப்ள எங்கயோ தண்ணிப் பால் பிடிக்கப் போயிட்டான் போல'ன்னு சொல்லிச் சிரிச்சிட்டே போனாரு."

என் டிவி சத்தம் தெருவரைக்கும் கேட்கும் சார். அது நின்றதும் கேட்டிருக்கும்.

என்னை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று மூன்று வாரமாக என் வீட்டுக்காரியிடம் சண்டை போட்டேன். டீக்கடையில் வைத்தார்கள், டீக்கடையில் வைத்தார்கள் என்று. அவள் இல்லாத நேரத்தில் வந்தார்கள், அதனால் நம்பினாள். உங்களிடமும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

போன் அடிக்கிறது. என் வீட்டுக்காரியாக இருக்கும். காலையிலிருந்து நாலாவது தடவை. எடுக்கவில்லை.

இல்லை. இது அக்கா. அக்கா நம்பர்.

ஒரு நிமிஷம் சார்.

அக்கா. ம். ... பஸ்ஸுலதான். ... இல்லக்கா. தாண்டிட்டேன். கருமாத்தூர் வரப்போகுது. ... தெரிஞ்சேதான்க்கா தாண்டினேன். ... ம். ... என்னக்கா சொல்ற? ... நீயா? ... நீ எதுக்குக்கா... அழாத. அக்கா. அக்கா, அழாத, ஆளுக இருப்பாங்க. ... ம். ... ம்.

வைத்துவிட்டாள்.

கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருக்கிறதா சார்? கொடுங்க.

"எங்கடா இருக்க?" என்றாள். ஒன்றரை வருஷம் கழித்து முதல் வார்த்தை. "பிள்ளை சோடிச்சு உக்காந்திருக்கா, மாலை ஒங்கையில இருக்கு" என்றாள். அப்புறம் சொன்னாள்: "அன்னைக்கு நீ போன்ல பேசினப்ப நான் பக்கத்துலதான்டா இருந்தேன். நீ விடச் சொன்ன. மாத்திரை டப்பாவ எடுத்து அலமாரி மேல வச்சது யாரு? நான்தான். அவரு மறுநாளும் கேட்டாரு, 'தவமணி, எதுக்கும் ஒண்ணு போட்டுக்கவா?'ன்னு. ஏந் தம்பி சொல்லிட்டான், பேசாம இருங்கன்னு நான்தான் சொன்னேன். டாக்டரு கேட்டப்ப அவரு ஒன்ன மட்டுமாடா காப்பாத்துனாரு? ஒம் மூஞ்சியப் பாத்தா நான் செஞ்சது ஞாபகம் வருது. அதான் எந்திரிச்சு எந்திரிச்சுப் போனேன்."

நான் இதை நினைக்கவே இல்லை சார். இரண்டு வருஷமாக என்னைப் பற்றியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வார்த்தை, என் பேட்ஜ், என் அவமானம், என் எலுமிச்சம்பழம். அந்த வீட்டுக்குள் அவள் தினமும் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டு, அந்தக் காலில்லாத வேட்டியைப் பார்த்துக்கொண்டு, என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று ஒரு நாள் கூட... அவள் என்மேல் கோபமாக இருக்கிறாள் என்பது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது, பாருங்க.

கடைசியாக, "வாடா. வந்து எம் பக்கத்துல நில்லு. ஒத்தையில நிக்க முடியல" என்றாள். வைத்துவிட்டாள்.

மணி என்ன? ஒன்பது இருபதா? மாலை வாடிவிட்டதா, பாருங்க? ஓரத்தில் கொஞ்சம்.

நான் போகலாமா சார்? எந்த முகத்தோடு போவது? வாசலில் அந்தப் போட்டோவைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். மச்சான் நாற்காலியில் உட்கார்ந்து, "என்ன மாப்ள, தண்ணிப் பால் பிடிச்சிட்டியா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் முன்னாலேயே அவர் மகள் கையைப் பிடித்து நான் நடத்திக்கொண்டு வர வேண்டும். அவர் உட்கார்ந்திருப்பார், நான் நடப்பேன். என்னால் முடியுமா? போகாமல் இருந்தால் அந்தப் பெண் அறையில் உட்கார்ந்திருப்பாள். பத்தரை தாண்டினால் அவ்வளவுதான். எனக்குப் புரியவில்லை சார். நான் சொல்லுகிற எதையும் எனக்கே நம்பத் தோன்றவில்லை. நீங்கள் சொல்லுங்க. நீங்கள் யாரோ, எவரோ. இரண்டு பக்கமும் சேராதவர். போகவா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்கள் சொன்னால் அப்படியே செய்துவிடுகிறேன்.

...

இப்படித்தான் கேட்டார் சார். இதே மாதிரிதான். நீ சொன்னா விட்டுர்றேன் மாப்ள.

வேண்டாம். சொல்லாதீங்க. வாயைத் திறக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். தலையைக்கூட ஆட்டாதீங்க.

கருமாத்தூரா இது? கண்டக்டர்! தம்பி! விசில் அடி, இங்கே ஒரு ஆள் இறங்கணும். ஆமாய்யா, நான்தான். செக்கானூரணிக்குத்தான் வாங்கினேன், இங்கேயே இறக்கிவிடு. எதிர்ப்பக்கம் நிற்கிறதே, அது உசிலம்பட்டி போகிற வண்டிதானே? அதற்குக் கொஞ்சம் கை காட்டு, போய்விடப் போகிறது.

சார், இந்த மாலையை ஒரு நிமிஷம் பிடிங்க. கீழே இறங்கிக்கொண்டு ஜன்னல் வழியாக வாங்கிக்கொள்கிறேன். பிடித்து இறங்க எனக்கு இரண்டு கையும் வேண்டும்.